திருச்செல்வத்தின் ஊசி

திருச்செல்வத்தின் உயிர் முந்நூற்றெண்பது ரிங்கிட். தள்ளுபடி கிடையாது. ஒரே ஒரு ஊசி. போன வருடம் குளவி கொட்டி மயங்கி விழுந்தவரிடம், "இன்னொரு தடவ கொட்டினா உடனே தொடையில இதக் குத்திக்கணும். அஞ்சு நிமிஷம் தாமதிச்சா உயிருக்கே ஆபத்து" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கிள்ளான் கன்டெய்னர் யார்டில் நாள்சம்பளத்துக்குப் புல் வெட்டுகிறவருக்கு அவ்வளவு பணம் ஏது? கம்பெனியே வாங்கியது. வாங்கியதும் அது கம்பெனிச் சொத்தாகிவிட்டது.

"இடுப்புல கட்டிக்கிறேன் லா, மேடம்."

"வெயில்ல மருந்து கெட்டுடும்ணே," என்றார் பாதுகாப்பு அதிகாரி மாதவி.

ஏர்கோன் ஓடும் ஸ்டோரில் ஊசி பூட்டப்பட்டது. சாவி ஸ்டோர்க்காரர் இருதயத்திடம். கையெழுத்தில்லாமல் ஆணியைக்கூடத் தராத மனிதர்.

"நான் வெட்டுற இடத்துலேர்ந்து ஸ்டோருக்குப் பத்து நிமிஷம் மேடம். வந்து சேர்றதுக்குள்ள போய்ச் சேந்துடுவேனே!"

நியாயம்தான் என்று மாதவி அவரை ஸ்டோருக்குப் பின்புறம் மாற்றினார். அங்கே ஒரு மாமரம். மரத்தில் பானை அளவுக்குக் குளவிக்கூடு.

"ஐயோ, போம்பாவக் கூப்பிடுங்க!"

"தீயணைப்புக்குச் சொல்லியாச்சுண்ணே. திங்கக்கிழமை வராங்களாம். அதுவரைக்கும் சத்தம் போடாம வெட்டுங்க."

புல்வெட்டும் மெஷினுக்கு இதை யார் சொல்வது?

வெள்ளிக்கிழமை காலை. மெஷின்களுக்கு வழக்கமான பூசை. கூட்டாளி சிவநேசன் எல்லாவற்றையும் மாமரத்தடியில் வரிசையாக வைத்தான். சட்டியில் அரைக் கிலோ சாம்பிராணி.

"என்னடா, லோரி எரியிற மாதிரி இருக்கு?"

"புகைக்குக் குளவியெல்லாம் ஓடிடும்ணே. சாமிக்கும் ஆச்சு, தெபுவானுக்கும் ஆச்சு."

குளவிகள் ஓடத்தான் செய்தன. கீழ்நோக்கி.

சிவநேசனுக்கு ஏழு கொட்டு. முகம் வீங்கியும் சிரித்துக்கொண்டிருந்தான். திருச்செல்வத்துக்குப் பிடரியில் ஒன்றே ஒன்று. அதைப் பார்த்ததும் அவன் சிரிப்பு நின்றுவிட்டது.

தொண்டை அடைக்க, சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து, ஸ்டோர் கவுண்டரில் சாய்ந்தார் திருச்செல்வம்.

"ஊசி... ஊசி..."

இருதயம் மூக்குக்கண்ணாடியை மாட்டினார். ஸ்டாக் புத்தகத்தை நிதானமாகப் புரட்டினார். ஒரு வரியில் விரல் நின்றது.

"நேத்து முதலாளிய அவரு ரூம்ல கட்டெறும்பு கடிச்சிடுச்சுண்ணே, பயந்துபோயி எடுத்துக் குத்திக்கிட்டாரு, வரவு ஒண்ணு, செலவு ஒண்ணு, இருப்பு இல்ல, கணக்கு சரியா இருக்கு."