லயத்துச் சுவரில் கையெழுத்துப் பயிற்சி

அழகாக எழுதத் தெரிந்தவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாகவே பழகுங்கள். அடுத்தவர் எழுதுவதைப் பார்த்தால் அவர்களுக்குக் கை நமநமவென்று இருக்கும். மளிகைக் கடைக்காரர் சீட்டில் கிறுக்கியிருக்கும் துவரம் பருப்பைக்கூடத் திருத்தப் பார்ப்பார்கள். நானும் அந்த ரகம்தான். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் எங்கள் ஊரில் யார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைக்கும் உறைமேல் விலாசம் எழுத என்னைத்தான் கூப்பிடுவார்கள். (போன இடத்தில் பலகாரம் தருவார்கள். அதற்காகவே போனேன் என்று என் தங்கை சொல்வதை நம்ப வேண்டாம்.)

இந்தத் திமிரோடுதான் எழுபதுகளின் நடுவில், பள்ளிவாசல் என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டின் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாராகப் போய்ச் சேர்ந்தேன். தகரக் கூரை போட்ட ஒரே கூடம். நான்கு வகுப்பு. நான்குக்கும் நான் ஒருவனே. எஸ்டேட் தொரைதான் பள்ளிக்கும் மேனேஜர். முதல் வருஷம் தற்காலிகம். வருஷ முடிவில் அவர் காகிதத்தில் ஒப்பு போட்டால் (கையெழுத்துக்கு அந்தப் பக்கத்தில் அதுதான் பேர்) வேலை நிரந்தரம். போடாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

வேலை மட்டும் போனால் பரவாயில்லை. அந்த ஒப்பில்தான் என் கல்யாணமும் தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் ஊருக்கு அடுத்த ஊரில் சரசு என்ற பெண்ணைப் பேசியிருந்தார்கள். நெல்லும் கடலையுமாக நல்ல விவசாயக் குடும்பம். பெண்ணுக்குச் சம்மதம், எனக்கோ சொல்லவே வேண்டாம். அவளுடைய அப்பா மட்டும் ஒரே பிடியாக நின்றார்.

"வேல மொதல்ல உறுதியாகட்டுமுங்க தம்பி. நாளைக்கே போன்னு சொல்ற வேலைய நம்பிப் புள்ளையக் குடுத்துட்டு, நான் நிம்மதியாச் சோறு திங்க முடியுங்களா?"

நியாயமான கேள்வி. ஆகவே நான் தொரையின் கண்ணில் நல்ல பெயர் எடுக்கத் துடித்துக்கொண்டிருந்தேன். கல்கத்தாவிலிருந்து கம்பெனிப் பெரியவர்கள் எஸ்டேட்டைப் பார்க்க வரப்போகிறார்கள், பள்ளிக்கூடத்துக்கும் வருவார்கள் என்று பேச்சு அடிபட்டது. அவர்கள் முன்னால் என் பிள்ளைகளின் கையெழுத்து முத்து முத்தாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

பிள்ளைகளின் கையெழுத்தோ என்னைக் கொன்றுகொண்டிருந்தது. 'ழ' எழுதச் சொன்னால் தேள் வரைந்தார்கள். மூன்றாம் வகுப்பில் செல்வி என்று ஒரு தங்கமான பெண். அவள் எழுதும் வரி சிலேட்டின் கீழ் மூலையில் கிளம்பி, மலையேறி, மேல் மூலை வழியாக வெளியே போய்விடும். குளிரில் விரல்கள் விறைத்துக் கிடந்ததும், சிலேட்டு உள்ளங்கை அகலமே இருந்ததும்தான் காரணம் என்று கண்டுபிடித்தேன். பெரிய இடத்தில், பெரிய எழுத்தாக, வீட்டில் தினமும் எழுத வேண்டும். பெற்றோர் பின்னால் நின்று பார்க்க வேண்டும். இதுதான் என் வைத்தியம்.

பெற்றோர் கூட்டம் போட்டேன். ஒரு நாய் மட்டும் வந்தது. அதுவும் மத்தியானம் மிஞ்சிய கோதுமை உப்புமாவுக்காக.

மாடசாமி கங்காணி விழுந்து விழுந்து சிரித்தார். தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்குகிறவர் அவர். அவருடைய அப்பா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த குடும்பம்.

"சார், விடிஞ்சா காட்டுக்குப் போற சனம், அடைஞ்சாத்தான் வீடு வரும். உங்க கூட்டத்துக்கு எங்கிட்டு வர? இவுகள ஒண்ணாப் பாக்கணும்னா ஒண்ணு கோயில் கொடையில பாக்கணும், இல்ல மஸ்டர்ல பாக்கணும். கொடைக்கு இன்னும் நாள் கெடக்கு. மஸ்டருக்கு வாங்க."

மஸ்டர் என்பது காலை வேலைக்குப் போகுமுன் எல்லோரும் ஆபீஸ் முன்னால் கூடி நிற்கிற இடம். ஆள் கணக்கு எடுத்து, இன்னார் இன்ன காட்டில் கொழுந்து எடுக்க, இன்னார் கவாத்து வெட்ட என்று அன்றைய வேலையைச் சொல்வார்கள். பெரியவர்களை அழைத்து வரத் தொரை கொச்சிக்குப் போயிருந்தார். அவர் இல்லாத ஒரு வெள்ளிக்கிழமை நான் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு அங்கே போய் நின்றேன். மாடசாமி வேலைகளைப் பிரித்துச் சொல்லி முடித்ததும், "இனி சார் சொல்லுவாரு" என்று ஒதுங்கிக்கொண்டார்.

அடடா, பேசினேன் பாருங்கள். "பெற்றோர்களே! எழுத்து என்பது கண்ணாடி" என்று ஆரம்பித்தேன். பிள்ளைகள் பெரிதாக எழுத வேண்டும், நேராக எழுத வேண்டும், இந்த வாரம் பலகையில் எழுதிப் போட்டிருக்கும் வாக்கியத்தையே எழுதட்டும் என்றேன். "எஸ்டேட்டார் உங்கள் லயத்துச் சுவர்களுக்கெல்லாம் புத்தம் புதிதாக வெள்ளையடித்துக் கொடுத்திருக்கிறார்கள். இதைவிட நல்ல சிலேட்டு எங்கே கிடைக்கும்? ஒரு துண்டு கரி போதும். உங்கள் சுவரைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்!"

அந்த வெள்ளை வரப்போகும் பெரியவர்களின் கண்ணுக்காக அடிக்கப்பட்டது என்று எனக்குத் தோன்றவே இல்லை. லயம் என்றால் தொழிலாளர் வீடுகள், ஒன்றையொன்று ஒட்டிய வரிசை. அது வெள்ளையாக இருந்தது, எனக்கு எழுத இடம் தெரிந்தது, அவ்வளவுதான். என் பேச்சுக்கு ஒருவரும் கை தட்டவில்லை, ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அப்படியே கூடையைத் தூக்கிக்கொண்டு கலைந்தார்கள். நான் பேசியது அவ்வளவு தெளிவு என்று பூரித்துப்போனேன்.

அந்தப் பூரிப்போடு அன்றே பஸ் பிடித்து ஊருக்குப் போனேன். சரசுவின் அப்பாவிடம், "திங்கட்கிழமை கம்பெனிப் பெரியவர்கள் வருகிறார்கள். என் வேலையைப் பார்த்ததும் தொரை ஒப்பு போட்டுவிடுவார்" என்று அளந்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"அப்படிங்களா? அப்ப நானும் ஒரெட்டு வந்து பாத்துட்டே வந்தர்றனுங்களே" என்றார் அவர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை என்னோடு பஸ் ஏறிவிட்டார். நாங்கள் போய்ச் சேரும்போது பனி மூடி, நீட்டிய கை தெரியவில்லை. நேராக என் அறைக்குப் போய்ப் படுத்துவிட்டோம்.

காலையில் அவரைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன். வளைவு திரும்பும்போது பனி விலகியது.

மலைச்சரிவில் மேலேயும் கீழேயுமாக அத்தனை லயங்களும், அத்தனை வீட்டு முன்சுவர்களும், ஒவ்வொரு எழுத்தும் ஒரு குழந்தை உயரம், கன்னங்கரேலென்று, ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தன: யானை வருகிறது, வழி விடு. னை, ற, ழ எல்லாம் பழகட்டும் என்று நான் பலகையில் போட்ட வாக்கியம். எந்தப் பக்கம் திரும்பினாலும் யானை வந்துகொண்டிருந்தது. தொட்டுப் பார்த்தேன். கரி இல்லை. தார்.

"ஏனுங்க தம்பி, இங்க ஆனைத் தொந்தரவு அத்தனை சாஸ்திங்களா?" என்றார் சரசுவின் அப்பா.

நான் விளக்குவதற்குள் மாடசாமி கங்காணி முகமெல்லாம் பல்லாக ஓடி வந்தார்.

"எப்படி சார் இருக்கு? கரின்னா சாரல்ல அழிஞ்சிரும்லா. கூரைத் தகரத்துக்குப் பூசுன தாரு மிச்சம் கெடந்துச்சு, எடுத்துக் குடுத்துட்டேன். நீங்க நேரா எழுதணும்னு சொன்னீகள்ல? தேயிலைக் கன்னு நடுறதுக்குப் புடிக்கிற கயித்தக் கட்டித்தான் எழுத வச்சோம். ஒரு எழுத்து கோணியிருந்தா என்னக் கேளுங்க!"

உண்மையிலேயே ஒரு எழுத்துகூடக் கோணவில்லை. செல்வியின் வரிகூட மலையேறாமல் கயிற்றோடு நின்றது. வேறு நாளாக இருந்தால் ஆனந்தக் கண்ணீர் விட்டிருப்பேன்.

"ஐயோ மாடசாமி, யாராவது ஒருத்தர் என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"மஸ்டர்ல சொன்னதுக்கு எதுக்கு சார் கேள்வி? அது வேலைல்லா? முடிக்கலன்னா அரை நாள் சம்பளம் போயிரும்னு பயந்துபோயி, ஞாயித்துக்கெழமையும் உக்காந்துல்ல முடிச்சிருக்காக!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் அதைக் கூட்டம் என்று நினைத்துப் பேசியிருக்கிறேன். அவர்கள் அதை உத்தரவு என்று கேட்டிருக்கிறார்கள். அந்த இடத்தில், அந்த நேரத்தில் யார் எதைச் சொன்னாலும் அது அன்றைய வேலை. 'எழுத்து என்பது கண்ணாடி' என்றதைக்கூட வேலையாக எடுத்துக்கொண்டு எவனாவது கண்ணாடி தேடிப் போயிருப்பான்.

இதை முழுசாக நினைத்து முடிப்பதற்குள் கீழே ஜீப் ஹாரன் கேட்டது.

ஜீப்பில் தொரை, பக்கத்தில் கம்பெனியின் இரண்டு பெரியவர்கள். ஒருவர் ஒல்லி, ஒருவர் இருக்கை முழுவதையும் நிரப்புகிறவர். மூவருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. ஆனால் கேரளத்தில் அந்தக் காலத்தில் சுவர் முழுக்கக் கறுப்பு எழுத்து என்றால் என்ன அர்த்தம் என்று படிக்கத் தெரியாதவருக்கும் தெரியும். ஒல்லிக்காரர் "ஸ்ட்ரைக்?" என்று ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். தொரையின் முகம் சுண்ணாம்பைவிட வெளுத்தது.

"மாஷே! எந்தா இது? வாயிச்சு சொல்லு!" என்று என்னைப் பார்த்து மலையாளத்தில் கத்தினார்.

படித்தேன். வேறு என்ன செய்ய? "யானை வருகிறது, வழி விடு."

"அடுத்தது?"

"யானை வருகிறது, வழி விடு."

"அப்புறத்தே லயத்தில்?"

"அங்கேயும் அதுதாங்க சார்."

தொரை அதை இங்கிலீஷில் சொன்னார். பெரியவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கனத்தவர் இறங்குவதற்காக வெளியே நீட்டிய காலை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டார். வீட்டுக்கு வீடு தாரால் எழுதி எச்சரிக்கிற அளவுக்கு இங்கே யானை இருக்கிறதா, இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று அவர் தொரையைக் கேட்டது எனக்கே புரிந்தது. அது பிள்ளைகளின் கையெழுத்துப் பயிற்சி என்று நான் எடுத்துச் சொன்னேன். உலகத்தில் எவன் நம்புவான் அதை? அந்நேரம் பார்த்து மேல் லயத்துக்குப் பின்னால் யாரோ விறகு முறிக்கிற சத்தம் கேட்டது. ஜீப் திரும்பக்கூட இல்லை. வந்த வழியே பின்பக்கமாகவே இறங்கிப் போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் சலவைச் சட்டை போட்டுக் காத்திருந்த பிள்ளைகளை ஒருவரும் பார்க்கவில்லை.

மத்தியானம் தொரை என்னைப் பங்களாவுக்குக் கூப்பிட்டு நிற்க வைத்தார். அவருடைய மஸ்டரில் அவரைத் தவிர இன்னொருவன் உத்தரவு போட்டது எஸ்டேட் சரித்திரத்திலேயே இல்லையாம். அந்தச் சுவர்கள் பழையபடி வெள்ளையாகிற வரைக்கும் ஒப்பு கிடையாது என்று சொல்லிவிட்டார். தாரின் மேல் எத்தனை தரம் சுண்ணாம்பு அடித்தாலும் மறுநாளே பழுப்பாக மேலே வந்துவிடும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வெளியே வந்தேன். வேலை போயிற்று, சரசுவும் போயாயிற்று என்றுதான் நினைத்தேன். அழுகையே வந்துவிட்டது, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன்.

சரசுவின் அப்பா லயத்து வாசலில் உட்கார்ந்து கட்டன் சாயா குடித்துக்கொண்டிருந்தார். கூடவே செல்வியின் அம்மா பேச்சியம்மாள், கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்றாள். தொரை சொன்னதை அவரிடம் ஒளிக்காமல் சொன்னேன். அவரோ இன்னும் சுவர்களையே வியந்து பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை மாமா. நான் சொன்னதற்காக இவர்கள் செய்யவில்லை. மஸ்டரில் சொன்னதால் செய்தார்கள். சம்பளம் போய்விடுமே என்ற பயம்."

பேச்சியம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்ன சார் பேசுதீக? மஸ்டர்ல சொன்னாகன்னு கொழுந்து எடுப்போம், கவாத்து வெட்டுவோம். புள்ளைய ராவும் பகலும் தோள்ல தூக்கி வச்சுக்கிட்டு நிப்போமா? இந்தா பாருங்க, கழுத்தெல்லாம் தாரு. எம்மவ எழுதுறத எங்க ஆயுசுல இப்பத்தான் பாத்தோம். சிலேட்டுல எழுதுனா எங்களுக்கு எங்க தெரியுது?"

அவள் கழுத்தில் சின்ன விரல்களின் தடம் கறுப்பாக ஒட்டியிருந்தது. தலையைக் குனிந்துகொண்டேன்.

சரசுவின் அப்பா சாயா தம்ளரைக் கீழே வைத்தார்.

"எங்கூர்ல ஒரு வாய்க்காத் தூர் வாரோணும்னு சொன்னா, நாலு பேரைச் சேக்கறதுக்குள்ள மழைக்காலமே போயிருமுங்க. இந்தத் தம்பி ஒருக்காச் சொன்னதுக்கு இந்தச் சனம் ஊட்டுச் சுவத்தையே தூக்கிக் குடுத்திருக்குது. ஒப்பு வர்றப்ப வரட்டுமுங்க. தை மாசம் வெச்சுக்கலாம்."

ஒப்பு அடுத்த மழைக்காலத்துக்குப் பிறகுதான் வந்தது. அதுவும் லயத்து ஆட்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி, தார் பட்ட பூச்சையெல்லாம் கொத்தி உதிர்த்துவிட்டுப் புதிதாகப் பூசி வெள்ளையடித்த பிறகு. அதைப்பற்றி மஸ்டரில் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. நானும் ஒரு கொத்துக் கரண்டியோடு போனேன். நான் பூசிய இடத்தை மட்டும் மாடசாமி மறுபடி பூசினார்.

இவ்வளவு வருஷமாகியும் யாராவது வீட்டுக்கு வந்து, என் அருமை பெருமையைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, இந்த மனுஷனுக்கு எப்படிப் பெண் கொடுத்தார்கள் என்பதுபோல் சரசுவைப் பார்த்தால் போதும், அவள் காபியை நீட்டிக்கொண்டே சொல்லிவிடுவாள்:

"எங்கப்பா சுவத்தைப் பாத்துட்டுக் குடுத்துட்டாருங்க. ஆளைப் பாத்திருந்தாருன்னா யோசிச்சிருப்பாரு."