பதினான்கு வெள்ளைக் கட்டங்கள்

"முதல் மாத்திரையில மாசம் எட்டு நாள் தலைவலி. ரெண்டாவதுலயும் கிட்டத்தட்ட அதேதான். ஆனா இந்தப் பதினாலு நாள் மட்டும் ஒண்ணுமே இல்லையே!" என்று டாக்டர் நோட்டைத் திருப்பிக் காட்டினார்.

சர்வேயருக்குப் பெருமையாக இருந்தது. மனைவிக்கு ஒற்றைத் தலைவலி வராமல் தடுக்க மூன்று மாதம் இரத்த அழுத்த மாத்திரை, மூன்று மாதம் வலிப்பு மாத்திரை கொடுத்தாயிற்று. எது மேல் என்று ஒப்பிட அவரே கட்டம் கட்டிய நோட்டு அது. வலித்தால் சிவப்பு, இல்லையென்றால் வெள்ளை. "நீ தொடாதே, கோடு கோணிடும்" என்று மனைவியிடம் பென்சிலைக்கூடக் கொடுத்ததில்லை. இன்றும் அவளுக்குத் தலைவலி. ஆகவே நோட்டு மட்டும்தான் வந்திருந்தது.

"அந்த ரெண்டு வாரம் வீட்டுல என்ன மாற்றம்?"

"ஒண்ணுமில்லையே டாக்டர். நான் வெளியூருக்கு அளவெடுக்கப் போயிருந்தேன்."

டாக்டர் ஒரு மாதிரி பார்த்தார். நர்ஸ் அவசரமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சர்வேயருக்குக் காது மடல் சுட்டது.

"வாசனை, சத்தம் எல்லாம்கூடத் தூண்டும். கவனிச்சுப் பாருங்க. பதினாலு நாள் சுத்தமா இருந்ததால ரெண்டாவது மாத்திரையையே தொடரலாம்."

"அதுல விரல் மரத்துப்போகுதுங்கிறா..."

"பல்லைக் கடிச்சுக்கச் சொல்லுங்க."

அன்று மாலையே சென்ட் பாட்டில் குப்பைக்குப் போனது. மறுநாள் விசிலடிப்பதை நிறுத்தினார். அதற்கடுத்த நாள் பேச்சையே நிறுத்தினார்.

"என் மேல என்னங்க கோபம்?" என்றாள் மனைவி.

காரணத்தைச் சொல்ல வெட்கம். கையை மட்டும் ஆட்டினார். அவள் அழுதாள். அழுததில் தலை வலித்தது. ஒரு சிவப்பு. தலையணையோடு கூடத்துக்கு மாறினார். இன்னொரு சிவப்பு.

ஆறாம் நாள் பெட்டியோடு கிளம்பியவரை, மகள் போன் செய்து வரவழைத்த மாமியார் வாசலிலேயே மறித்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க, மாப்பிள்ளை?"

"லாட்ஜுக்கு, அத்தை." தலை நிமிரவில்லை. "உங்க பொண்ணு படுற பாட்டுக்குக் காரணமே நான்தான். நான் இல்லாத பதினாலு நாளும் அவளுக்கு வலியே இல்ல. இந்தாங்க, நீங்களே பாருங்க."

மாமியார் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கட்டம் கட்டமாகப் பார்த்தார்.

"அதுல ஆறு நாள், இருட்டறையில இவ நெத்திக்கு ஈரத்துணி போட்டுட்டு நான்தான் பக்கத்துல உட்கார்ந்திருந்தேன். சிவப்பு அடிக்கிற ஆளுதான் ஊர்ல இல்லையே, மாப்பிள்ளை!"