பெட்ரோல் இல்லாமல் பறந்த முப்பது கேப்டன்கள்

ஜப்பான்காரன் காலத்து மலாயாவில், ஒரு சொட்டுப் பெட்ரோல் இல்லாமல் முப்பது பேரை ஆகாயத்தில் ஏற்றி இறக்கிய மனிதர் எங்கள் காத்தாடி அண்ணன் ஒருவர்தான். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். நானே பதினான்கு தடவை பறந்தவள்.

ரெம்பாவ் பக்கத்து ரப்பர் தோட்டம் எங்களுடையது. சண்டைக்கு முன்னால் சுற்றுவட்டாரத்து வெள்ளைக்கார துரைகள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு பறக்கும் கிளப் வைத்திருந்தார்கள். ஐந்து பேருக்கும் பொதுவாக ஒரே ஒரு சின்ன ஏரோப்ளான். யாருடைய முறை, எங்கே போனார், எத்தனை மணி நேரம் பறந்தார் என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பார்கள். ஏரோப்ளான் மூக்கிலிருந்த விசிறியைக் கையால் சுற்றிக் கிளப்பிவிடுவது அண்ணனுடைய வேலை. காத்தாடி என்ற பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

சுற்றிவிடுகிறவர்தான் என்றாலும், கேட்டால் ஓட்டினவர் மாதிரிதான் பேசுவார். போர்ட்டிக்சன் கடலுக்கு மேலே துரை பயந்து கண்ணை மூடிக்கொண்டபோது இவர்தான் பத்திரமாக இறக்கினாராம். ஒருமுறை தலைகீழாகப் பறந்ததில் இடது கால் செருப்பு கழன்று புக்கிட் பெலண்டோக்கில் விழுந்துவிட்டதாம். அந்த ஊர்க்காரர் யார் வந்தாலும், “என் செருப்பு ஆப்பட்டுச்சா?” என்று தவறாமல் விசாரிப்பார்.

ஜப்பான்காரன் வந்தான், துரைகள் ஓடினார்கள். ஓடுகிற அவசரத்திலும் ஒரு துரை எஞ்சினிலிருந்து ஏதோ சாமானைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். ஏரோப்ளான் கொட்டகையிலேயே நின்றது. சுற்றிலும் லாலாங் புல் ஆளுயரத்துக்கு வளர்ந்து அதை மறைத்துவிட்டது.

“மெம்பருங்க அத்தன பேரும் ஓடிட்டாங்க. கிளப்புல மிச்சம் நான் ஒருத்தன். அப்ப கிளப்பு என்னோடதுதானே?” என்றார் அண்ணன். யாரும் மறுக்கவில்லை. மரவள்ளிக்கிழங்கு தின்று மரவள்ளிக்கிழங்கு நட்டுக்கொண்டிருந்த காலத்தில் மறுக்கத் தெம்பு யாருக்கு இருந்தது?

மறுவாரமே புது மெம்பர்களைச் சேர்த்தார். பால்மரம் வெட்டியவர்கள், புல் வெட்டியவர்கள், கங்காணி என்று முப்பது பேர். சேர்ந்த அன்றே எல்லோரும் கேப்டன். முறை வந்தவர் ஏறி உட்கார்ந்து, போகவேண்டிய ஊரைச் சொல்ல வேண்டும். அண்ணன் விசிறியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, இறக்கையைப் பிடித்து ஆட்டுவார். “மேகம் வருது, புடிச்சுக்க!” என்று கீழிருந்து கத்துவார். அரை மணி கழித்து இறக்கிவிட்டு, துரைகளின் அதே நோட்டில் ஊரும் நேரமும் எழுதுவார்.

சட்டமெல்லாம் கறார்தான். உள்ளே வெற்றிலை போடக் கூடாது. கங்காணியாக இருந்தாலும் முறை தாண்டக் கூடாது. முனியம்மா அக்கா ஒருநாள் பாதிப் பயணத்தில், அடுப்பில் கிழங்கு வேகிறது என்று இறங்கப் போனார். அண்ணன் பதறிவிட்டார்.

“என்னா அக்கா, ஆகாயத்துல பாதியில எறங்குனா பொழைப்பியா?”

“கெழங்கு கருகிப்போவும்லா!”

“கருகட்டும். ரெம்பாவ் தாண்டி எறக்கி வுடுறேன், பேசாம குந்து.”

அக்காவும் இறங்கவில்லை. ரெம்பாவ் தாண்டும் வரை உட்கார்ந்திருந்து, அன்று குடும்பத்துக்கே கருகல் கிழங்கு போட்டார்.

நான் எப்போதும் ஒரே ஊருக்குத்தான் போவேன். என் வீட்டுக்காரரை ரயில் பாதை போட சயாமுக்குப் பிடித்துப் போயிருந்தார்கள். அவர் இருக்கும் இடத்துக்கு மேலே ஒரு வட்டம் அடித்துவிட்டு வருவேன். என் முறை வந்தால் மட்டும் அண்ணன் மேகம், மழை என்று கலாட்டா செய்யமாட்டார். இறக்கையை மெதுவாக ஆட்டிக்கொண்டே நிற்பார்.

ஒருநாள் பட்டப்பகலில் ஜப்பான் ஆபீசர் ஒருவன் சிப்பாய்களுடன் வந்து கொட்டகையைக் கண்டுபிடித்தான். ஏரோப்ளானோடு நோட்டும் கிடைத்தது. எங்களையெல்லாம் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிறுத்தினான். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியார், ஆபீசருக்குத் தெரிந்த மலாயில் நோட்டைச் சொல்லிக்கொண்டு வந்தார்.

“கேப்டன் முனியம்மா, ரெம்பாவ், அரை மணி. கேப்டன் கங்காணி, சிங்கப்பூர், அரை மணி.”

ஆபீசரின் முகம் மாறியது. தோட்டத்துக்குள் முப்பது விமானிகள், எதிரிக்கு உளவு பார்க்கும் பட்டாளம் என்று நினைத்துவிட்டான். கிராணியார் அடுத்த பெயர் வந்த வரிகளை விரல் வைத்து எண்ணினார்.

“கேப்டன் அஞ்சலை. சயாம். பதினாலு தடவை.”

ஆபீசர் வாளை உருவினான். சயாமுக்குப் போய் ரயில் பாதையை வேவு பார்த்தது யார் என்று கேட்டான். நான் முன்னால் வந்தேன்.

அப்போதுதான் காத்தாடி அண்ணன் ஓடிவந்து எனக்கும் வாளுக்கும் நடுவே நின்றார்.

“கிராணியாரே, சொல்லுங்க. இது பறக்காது. இதுல யாரும் பறக்கல. சும்மா குந்தி வெளையாடுனாங்க. எழுதுனது நான்.”

கேப்டன் நீயா, நீ எங்கெல்லாம் பறந்தாய் என்று ஆபீசர் கேட்டான். அண்ணன் எங்கள் முப்பது பேரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

“நான் ஒருநாளும் பறந்ததில்ல. ஒருதரம்கூட என்னைய ஏத்துனதில்ல. விசிறிய சுத்திவுட்டுட்டு, அவங்க திரும்பி வர்ற வரைக்கும் வானத்தப் பாத்துக்கிட்டு நிப்பேன். அவ்வளவுதான்.”

கிராணியாருக்கு அந்த நேரத்திலும் வாய் சும்மா இருக்கவில்லை. “அப்ப புக்கிட் பெலண்டோக்குல வுழுந்த செருப்பு?”

“ஆத்துல வுட்டேன்.” அண்ணன் அழுதுவிட்டார்.

அந்த அழுகைக்குத் துபாஷி தேவைப்படவில்லை. ஆபீசரே போய் ஏரோப்ளானில் ஏறி, கையில் கிடைத்ததையெல்லாம் இழுத்துப் பார்த்தான். அது அசையவில்லை. இறங்கி வந்து அண்ணனை இரண்டு அறை அறைந்தான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஏரோப்ளானை லாரியில் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். எங்கள் தலைகள் கழுத்திலேயே இருந்தன.

அண்ணன் லயத்தில் இருந்த தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மூன்று நாள் வெளியே வரவில்லை. வைத்த கிழங்கு வைத்தபடியே வாசலில் கிடந்தது. எங்களுக்குப் பயமாகிவிட்டது. என் உயிரைக் காப்பாற்றியவர் அவமானத்தில் பட்டினி கிடந்தே செத்துவிடுவாரோ என்று எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம் முனியம்மா அக்கா அந்தக் கதவுக்கு எதிரே நின்று, தோட்டம் முழுக்கக் கேட்கிற மாதிரி பேச ஆரம்பித்தார்.

“காத்தாடி அந்த ஜப்பான்காரன எப்படி ஏமாத்திப்புட்டாரு பாத்தியா அஞ்சல? பறக்கவே தெரியாதாம்! அவனும் நம்பிட்டான்!”

எனக்கு ஒரு நொடி புரியவில்லை. புரிந்ததும் அதைவிடப் பெரிய குரலில் சொன்னேன்: “ஆமாக்கா! போர்ட்டிக்சன் கடலு மேல ஓட்டுன மனுசனுக்கு நடிக்கவா தெரியாது?”

“மூஞ்சிய எப்படி வச்சிருந்தாருலா! நானே நம்பிட்டேன்” என்றார் கங்காணி. அவர் பின்னால் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள். யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை அண்ணன் முகம் மழித்துக்கொண்டு வெளியே வந்தார். எங்களை ஏறிட்டுப் பார்க்கவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “கொஞ்சம் அழுதும் வச்சேன். அப்பத்தானே நம்புவான்?” என்றார். ஒரு வாரத்தில் அந்தக் கதைக்குக் கையும் காலும் முளைத்துவிட்டன.

சண்டை முடிந்து, என் வீட்டுக்காரர் எலும்பும் தோலுமாகச் சயாமிலிருந்து திரும்பி வந்தார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “நெசமாவே அந்த மனுசன் பறந்தாரா?” என்று கேட்டார்.

“பறந்தாரு” என்றேன். பொய் சொல்வதாகவே எனக்குத் தோன்றவில்லை.