அடுப்புக்கு அந்தப் பக்கம் பிறந்த கணிதமேதை

ஸ்டோன்கிளஃப், யார்க்‌ஷயர்
13 மே 1953

அன்பிற்குரிய மைத்துனர் ஹரால்ட் அவர்களுக்கு,

வில்ஃப்ரெட் ஆக்ராய்ட் எழுதிக்கொண்டது. இங்கு என்னைத் தவிர அனைவரும் நலம். லங்காஷயரில் தங்கள் நலத்தையும் கோழிகளின் நலத்தையும் அறிய ஆவல்.

நானூறு வருடத்துக்கு முன்பே இங்கிலாந்துக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த ஆம்பிரோஸ் கிரீன்வுட் எங்கள் யார்க்‌ஷயர்க்காரர் என்று பதினொரு வருடமாகத் தொண்டை கிழியக் கத்திவருகிறேன். அவர் பிறந்த பண்ணைவீட்டில் சனிக்கிழமை நினைவுக்கல் திறப்பு. வரலாற்றுச் சங்கச் செயலாளர் நான். கல்லில் ‘யார்க்‌ஷயரின் மைந்தர்’ என்று ஆழமாக வெட்டியாகிவிட்டது. சும்மா இருந்திருக்கலாம். திங்களன்று வருடாந்திர வழக்கப்படி பாதிரியார் முன்னே போக, எல்லைக்கற்களைக் குச்சியால் அடித்துக்கொண்டே ஊரைச் சுற்றினோம். எங்கள் ஊரெல்லைதான் யார்க்‌ஷயருக்கும் எல்லை. வெகுநாளாகக் காணாத ஒரு கல்லைத் தேடினால், அது அதே பண்ணைவீட்டு அடுக்களைக்குள் நிற்கிறது! வீட்டுக்காரி திருமதி மர்கட்ராய்ட் அதன்மேல் ரொட்டிமாவை உப்ப வைத்திருக்கிறாள். "மாடிப்படி யார்க்‌ஷயர், அடுப்பு லங்காஷயர். ஊருக்கே தெரியுமே, செயலாளருக்குத் தெரியாதா?" என்கிறாள். எல்லை மறக்காமலிருக்க யாரையாவது கல்லில் இடிக்கும் வழக்கத்தை விடக்கூடாதென்று என்னைக் கைகாலைப் பிடித்துத் தூக்கி, அந்தக் கல்லில் என் பின்புறத்தை மூன்று முறை இடித்தார்கள். மச்சான், அந்த வலிகூடப் பெரிதில்லை. ‘கடுங்குளிரில் அடுப்போரம் பிறந்தார்’ என்று என் புத்தகத்தில் நானே எழுதித் தொலைத்திருக்கிறேன்.

அன்றிலிருந்து உட்காரவும் முடியவில்லை, ஒரு இடத்தில் நிற்கவும் முடியவில்லை. அடுப்பை இந்தப் பக்கம் மாற்றலாமா என்று மெல்லக் கேட்டுப் பார்த்தேன். "அதுவரைக்கும் ரொட்டிய யாரு சுடுவா, ஆம்பிரோஸா?" என்று மர்கட்ராய்ட் துடைப்பத்தை எடுத்துவிட்டாள். தங்கள் சகோதரி ஈடித்தோ விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "கல்யாணமான நாள்லேர்ந்து லங்காஷயர்க்காரங்களுக்கு மூளை கம்மின்னு சொல்லிட்டிருந்தீங்களே, இப்ப எங்காளுக்குப் போய் நீங்க கல்லு வைக்கிறீங்க!"

தங்கள் ஊர்ச் சங்கத்தின் காதில் சனிக்கிழமை வரை இது விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தெரிந்தால் என் மானம் கப்பலேறிவிடும்.

கடவுள் தங்களுக்கு நீண்ட ஆயுளையும், மூன்று நாளைக்காவது வாயடக்கத்தையும் அருளட்டும்.

இப்படிக்கு,
வில்ஃப்ரெட்

பி.கு.: கடிதத்தை உறையிலிடும்போது பாதிரியார் ஓடிவந்தார். பழைய பத்திரங்களுக்குள் ஆம்பிரோஸின் உயில் கிடைத்துவிட்டதாம். அவரே தம் கையால் எழுதியிருக்கிறார்: ‘நான் பிறந்தது யார்க்‌ஷயரில். அங்கே மழையும் ஓயாது, மனிதர் வாயும் ஓயாது. என் பிணம்கூட அங்கே திரும்பக் கூடாது.’ மச்சான், அவர் உங்கள் ஊர்க்காரரேதான். யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். சனிக்கிழமை வண்டியோடு வந்தால் நினைவுக்கல்லையும் ஏற்றி அனுப்புகிறேன்.