பியாவாக் அண்ணனும் சூளைக் குட்டையும்

மலாய் நாட்டில் நாங்கள் இருந்த பிரிக்ஃபீல்ட்ஸ் முழுவதற்கும் பொதுவான எதிரி ஒருவர் இருந்தார் என்றால் அது எங்கள் பியாவாக் அண்ணன்தான். கோழி வளர்த்தவர்கள், வாத்து வளர்த்தவர்கள், செங்கல் சூளை முதலாளி, சூளையில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்த நான், எல்லோரும் அவரைத் திட்டியிருக்கிறோம். மலாயில் பியாவாக் என்றால் உடும்பு; சூளைக்குக் களிமண் வெட்டிய அண்ணன், ஓர் உடும்புக்குக் காவல் நின்றே அந்தப் பெயரை வாங்கினார். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்துபோயிருக்கும்.

சூளைக்குக் களிமண் வெட்டி வெட்டி, கூலியாட்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் பெரிய பள்ளம் விழுந்து, மழைத் தண்ணீர் தேங்கிக் குட்டையாகிவிட்டது. அதன் கரையில் வளை தோண்டிக் குடியிருந்தது அந்த நீர் உடும்பு. ஊரில் பார்க்கிற சின்ன உடும்பை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது ஆள் நீளத்துக்கு மேல். கறுத்த உடம்பில் வரிசை வரிசையாய் மஞ்சள் புள்ளிகள். பாதிக்கு மேல் வால்தான். துடுப்பு மாதிரி தட்டையான வால். நீந்தும்போது கால்களை விலாவோடு ஒட்டிக்கொண்டு வாலை மட்டும் வீசிப் போகும். காலையில் கரையில் வெயில் காயும். உடம்பு சூடேறியதும் கோழி தேடிக் கிளம்பும்.

வேலைக்குச் சேர்ந்த அன்றே அதைப் பார்த்து, "முதலை! முதலை!" என்று அலறி மேசைமேல் ஏறிவிட்டேன். அண்ணன் சிரிக்காமல் வந்து நின்றார்.

"இறங்குங்க கிராணி ஐயா. நாக்கு பாம்பு மாதிரி ரெண்டாப் பிளந்திருந்துச்சே, பாக்கலையா? முதலைக்கு ஏது இந்த நாக்கு? நீங்க கத்துன கத்துல அதுதான் பயந்து தண்ணிக்குள்ள போயிருச்சு."

லயத்துக் கடைசி வீட்டு மாரியாயிக்கும் அவருக்கும் ஓயாத சண்டை.

"உங்க சம்பந்தி என் முட்டைக்கோழிய முழுங்கிட்டான்! பதில் சொல்லுங்கண்ணே!"

"கூடைய மூடாம வச்சா அது என்னம்மா பண்ணும்? அது நாக்காலயே மோப்பம் புடிக்கும்."

"அப்ப அந்த நாக்க அறுங்க!"

அண்ணன் தன் கோழியைக் கொண்டுவந்து கொடுத்துச் சமாதானம் செய்வார். கொஞ்ச நாளில் அதையும் சம்பந்தி முழுங்கிவிடுவான்.

உடும்புக் கறி தின்றால் இடுப்புவலி போகும் என்று ஒருமுறை லயத்து ஆட்கள் மண்வெட்டியோடு வந்தார்கள். அண்ணன் வளையின் வாயிலேயே உட்கார்ந்துவிட்டார். "முதல்ல என்னை வெட்டுங்கடா!" என்று அவர் வீர வசனம் பேசிக்கொண்டிருக்கும்போதே, உடும்பு வேறு வழியாக வெளியே வந்து, வாலைச் சுழற்றி அவர் கெண்டைக்காலில் ஒன்று வைத்துவிட்டுத் தண்ணீரில் பாய்ந்தது. தோல் உரிந்துவிட்டது. வந்தவர்கள் சிரித்துச் சிரித்தே கலைந்துபோனார்கள்.

"என்ன பலம் பாத்தீங்களா ஐயா!" என்றார், நொண்டிக்கொண்டே.

பிறகு ரப்பர் விலை விழுந்தது. வீடு கட்டுவார் இல்லை, செங்கல் வாங்குவார் இல்லை. முதலாளி சூளையை மூடினார். வயதானவர்களை முதலில் தாய்நாட்டுக்குக் கப்பலேற்றச் சொன்னார். அதை அண்ணனிடம் சொல்லும் வேலை எனக்கு.

"எந்த ஊருக்குப் போகச் சொல்றீங்க?"

"உங்க ஊருக்குத்தான், அண்ணே."

"கைக்குழந்தையா இருந்தப்பத் தூக்கிட்டு வந்தாங்க. அங்க எனக்கு யாரு முகம் தெரியும்?" குட்டையைக் காட்டினார். "இந்தப் பள்ளத்த வெட்டுனவன் நான். அதுல குடியிருக்கிறத யாரும் போன்னு சொல்லலயே."

துறைமுகத்துக்குப் போகும் ரயிலில் ஒரு தகரப் பெட்டியோடு அவரை ஏற்றிவிட்டோம். திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்.

உடும்பைப் பிடிக்க அதன்பின் யாரும் கஷ்டப்படவில்லை. தினமும் அண்ணன் பாசார் மீன்கடைகளிலிருந்து குடல் கொண்டுவந்து போட்டுப் பழக்கியிருந்தார். காலடிச் சத்தம் கேட்டதும் அதுவாகவே கரையேறி வந்ததாம். லயத்து ஆட்கள் அதை அடித்துத் தோலுரித்து, கறி வேகவைக்க மாரியாயியிடம் அண்டா கேட்டார்கள். கோழிகளைப் பறிகொடுத்தவள், சந்தோஷமாகக் கொடுப்பாள் என்று எல்லோரும் நினைத்தோம்.

"என் அண்டாவத் தொடாதீங்கடா!" என்று கத்தினாள். "அந்த மனுஷன் நாளைக்கு வந்து கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

கப்பலேறியவர் வந்து கேட்கப்போவதில்லை என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும், வந்து கேட்டால் தேவலை என்றுதான் எனக்கும் இருந்தது.