நான் போராடிப் பெற்ற கழிப்பறை

என் வாழ்நாளில் ஒரே ஒரு போராட்டத்துக்குத் தலைமை தாங்கியிருக்கிறேன். எதைக் கட்டக்கூடாது என்று சொல்லப் போனேனோ, அதைக் கட்ட வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன். இப்படி ஒரு சாதனையைச் செய்தவர் பேராக் மாநிலத்தில் வேறு யாராவது இருந்தால் அவரைச் சந்திக்க ஆசை. ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து அழலாம்.

எழுபதுகளின் நடுப்பகுதி. ஈப்போவில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். வேலை என்றால், உறைகளுக்கு ஸ்டாம்பு ஒட்டுவது, கோப்புகளைத் தூசி தட்டுவது, முதலாளிக்குக் காப்பி வாங்கி வருவது. ஆனால் சுங்காய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருந்த சொந்தக்காரர்களுக்கு நான் 'லாயர் தம்பி'. நான் அதைத் திருத்தவில்லை. (திருத்த மனசு வருமா? பேச்சி அத்தை வீட்டுல ஈரல் வறுவல் லாயருக்கு மட்டுந்தான்.)

என் அக்கா வாழ்க்கைப்பட்டது கீழ்ப் பேராக் கடலோரத்தில் ஒரு தென்னந்தோட்டத்தில். அவளும் அத்தானும் தோட்டத் தொழிலாளர் லயத்தை விட்டு வெளியேறி, தோட்டத்து ஓரத்தில் சொந்தமாக ஒரு பலகை வீடு போட்டிருந்தார்கள். வீட்டுக்குப் பின்னால் கடல் தண்ணீரைத் தடுக்கும் மண்கரை. கரைக்கு அந்தப் பக்கம், வெட்டக்கூடாது என்று அரசாங்கம் ஒதுக்கி வைத்திருந்த பாக்காவ் காடு. சேற்றில் வேர்களைக் கால் காலாக ஊன்றி நிற்கும் அலையாத்தி மரங்கள். அதை ஒட்டிக் கொஞ்சம் மணல்.

ஒருநாள் தோட்டத்துக் கடைச் சுவரில் அறிவிப்பு ஒட்டினார்கள். அந்தக் காட்டு நிலத்தைப் பொழுதுபோக்குப் பூங்காவாக மாற்றப் போகிறார்கள், வருகிற ஞாயிற்றுக்கிழமை அதிகாரி நேரில் வந்து மக்களின் கருத்தைக் கேட்பார் என்று அதில் இருந்தது. அக்கா அந்தக் கடையிலிருந்தே எனக்குப் போன் செய்தாள்.

"தம்பி, அந்த மரம் நிக்கிறதாலதான் அலை கரையத் தொடாம இருக்கு. மரம் போனா கரை போயிரும். கரை போனா என் வீடு போயிரும். நீ ஒருக்கா வந்து பேசுலா."

அக்கா என்னிடம் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவள். அவளே கேட்டுவிட்டாள். எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். (வெனை அங்கதான் ஆரம்பிச்சுது.)

அக்கா வீட்டுப் பக்கம் குடியிருப்புகள் குறைவு. பத்துப் பேர் நின்றால் அதிகாரி மதிக்கமாட்டார், கூட்டம் காட்ட வேண்டும் என்று முடிவு செய்தேன். சுங்காயில் ஒரு பஸ் பேசினேன். ஆள் திரட்டும் பொறுப்பைப் பேச்சி அத்தையிடம் கொடுத்தேன். அவர் எங்கள் அப்பாவின் தங்கை; தோட்டத்தில் அவர் கூப்பிட்டு வராதவர் கிடையாது.

நான் சொன்னது 'கடலோரத்தில் போராட்டம், பஸ் ஏற்பாடு செய்திருக்கிறேன்' என்பது. தோட்டத்து ஜனங்களின் காதில் விழுந்தது கடல், பஸ் இரண்டும்தான். அவர்கள் மேல் தப்பில்லை. வருஷத்துக்கு ஒரு முறை கடலைப் பார்த்தால் அதிசயம் என்று வாழ்ந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் முதலில் ஏறியவை மனிதர்கள் இல்லை. அண்டா, விறகு, பாய், பந்து, லாரி டயர் டியூப், மசாலா தடவிய ஆட்டிறைச்சி ஒரு வாளி.

எனக்கு முகம் சுருங்கினாலும் தலைவன் அல்லவா, காட்டிக்கொள்ளவில்லை. நேரமாகிவிடும் என்று வழியில் எங்கேயும் பஸ்ஸை நிறுத்தக்கூடாது என டிரைவரிடம் சொல்லிவிட்டு, எழுந்து நின்று இரண்டு கட்டளைகள் போட்டேன். அதிகாரி கேட்டால் பயப்படாமல் நம் கஷ்டத்தைச் சொல்ல வேண்டும். அவர் கருத்துக் கேட்டால் எல்லோரும் ஒன்றாகக் கை தூக்க வேண்டும்.

"நீ கவலப்படாத லாயர் தம்பி," என்றார் பேச்சி அத்தை. "கஷ்டத்தச் சொல்றதுக்கு எங்களுக்குப் பாடம் வேணுமா?"

போய்ச் சேர்ந்ததும் ஆண்கள் டியூப்போடு தண்ணீருக்குள் போனார்கள். பெண்கள் அவசரமாக வேறொன்றைத் தேடினார்கள். கண்ணில் பட்டது என் பதாகை. பாக்காவ் காட்டைக் காப்பாற்றுங்கள் என்று மலாயில், சிவப்புப் பெயிண்டில், ஒரு முழுப் படுக்கை விரிப்பில் எழுதிக் கொண்டு போயிருந்தேன். அதை இரண்டு தென்னை மரங்களுக்கு நடுவே கட்டி மறைப்பாக்கிவிட்டார்கள். எழுத்து உள்பக்கம். திருப்பிக் கேட்க முடியாது. உள்ளே பேச்சி அத்தை இருந்தார்.

சரி, பதாகை போனால் போகட்டும், காட்டின் முன்னால் நானே நின்று பேசுகிறேன் என்று புறப்பட்டேன். காலில் முதலாளி கழித்துப் போட்ட கறுப்புச் சப்பாத்து, கழுத்தில் டை. காட்டுப் பக்கம் கடல் வற்றியிருந்தது. மரங்களுக்கு முன்னால் தரை மழமழவென்று கெட்டியாகத் தெரிந்தது. நாலெட்டு வைத்தேன். ஐந்தாவது எட்டில் முழங்கால் வரை போனேன். கால்களை இழுக்க இழுக்கத் தொடை வரை போனேன்.

அந்த நேரம் பார்த்து அதிகாரி வந்துவிட்டார். நடுத்தர வயது மலாய்க்காரர், குடையும் சிரித்த முகமுமாக மணலில் இறங்கி வந்தார். அங்கே நின்று உண்மையைச் சொல்லக்கூடியவர்கள் இரண்டே பேர்: அக்காவும் அத்தானும். இரண்டு பேரும் சேற்று ஓரத்தில் நின்று, ஒரு தென்னை மட்டையை நீட்டி என்னை இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

தூரத்தில் நடந்தது எங்களுக்குக் கேட்கவில்லை. பார்க்க மட்டும் முடிந்தது. அதிகாரி கையில் ஒரு தட்டு வந்தது. ஆட்டுக்கறி பிரட்டலைச் சாப்பிட்டுக்கொண்டே ஏதோ கேட்டார். பேச்சி அத்தை கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். அதிகாரி பதாகையைப் பார்த்தார், தலையை ஆட்டினார், மறுபடி ஏதோ கேட்டார். உடனே அத்தனை பேரும் ஒன்றாகக் கை தூக்கினார்கள். தண்ணீரில் டியூப் மேல் கிடந்தவர்கள்கூடத் தூக்கினார்கள்.

"ஜெயிச்சிட்டோம்க்கா," என்று சேற்றில் நின்றபடியே நானும் இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினேன். அதிகாரி என்னைப் பார்த்து மகிழ்ச்சியோடு கையசைத்துவிட்டுப் போனார்.

வெளியே வந்தேன். சப்பாத்து வரவில்லை. பேச்சி அத்தை ஓடி வந்து நடந்ததைச் சொன்னார். இந்த இடம் பிடித்திருக்கிறதா என்று அதிகாரி கேட்டாராம். ரொம்ப நல்ல இடம் என்றார்களாம். ஏதாவது கஷ்டம் உண்டா என்று கேட்டாராம்.

"நீ சொன்ன மாதிரியே பயப்படாமச் சொன்னேன் தம்பி. 'தாண்டாஸ் தாடா, துவான்'னேன், கக்கூஸ் இல்லைங்கன்னு. பொம்பளைங்க ஒதுங்க எடமில்லையேன்னு அவருக்கே வெக்கமாப் போச்சு. பூங்காவாக்கி நல்லா கட்டித் தரவான்னாரு. கை தூக்கிட்டோம்லா."

அக்கா என்னைத் திட்டவில்லை. என் கால் சேற்றைக் கழுவக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினாள். சாப்பாட்டில் எப்போதும் போல நண்டுக் காலை என் தட்டில் பொறுக்கி வைத்தாள். அவள் நாலு அறை விட்டிருந்தால்கூட அதைச் சாப்பிட்டிருப்பேன். அன்றைக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

அரசாங்கம் அவ்வளவு வேகமாக வேலை செய்து நான் பார்த்ததில்லை. காட்டில் ஒரு பகுதியை வெட்டிக் கார் நிறுத்துமிடம் போட்டார்கள். அதன் ஓரத்தில், சேற்று நிலம் என்பதால் ஆளுயரச் சிமெண்டுத் தூண்கள் மேல், பெண்களுக்கும் ஆண்களுக்கும் தனித்தனியாகக் கழிப்பறை கட்டினார்கள். மீதிக் காட்டை அடுத்த ஆண்டு வெட்டுவதாகத் திட்டம்.

அதற்குள் கடல் பெருகும் பருவம் வந்தது. ஒரு விடியற்காலை, மரம் வெட்டிய இடைவெளி வழியாக அலை உள்ளே வந்து மண்கரையை உடைத்தது. செய்தி கேட்டு அலுவலகத்தில் சொல்லாமல்கூட ஓடினேன். பஸ் மாறி மாறிப் போகும் வழியெல்லாம், என் அக்காவை நானே கொன்றுவிட்டேன் என்ற ஒரே நினைப்புதான்.

போய்ப் பார்த்தால், வீட்டில் சமையலறைப் பக்கம் இடிந்து கிடந்தது. சுற்றிலும் இடுப்பளவு தண்ணீர். நடுவில் கழிப்பறைக் கட்டடம் மட்டும் கம்பீரமாக நின்றது. அதன் மேடையில் அத்தான், ஓர் ஆடு, சில கோழிகள். 'பெண்கள்' என்று மலாயில் எழுதிய பலகைக்குக் கீழே அக்கா ஸ்டவ்வைப் பற்றவைத்துத் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏறி வா தம்பி," என்றாள். "நீ போராடி வாங்கிக் குடுத்த வீடுலா இது."

நான் அவள் காலடியில் உட்கார்ந்து அழுதேன். சிரிக்கவும் செய்தேன். எது முதலில் வந்தது என்று அவளுக்குத்தான் தெரியும்.

அதிகாரியும் வந்தார், சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு. தான் போட்ட கார் நிறுத்துமிடத்தைத் தேடினார். அதன் மேல் அலை அடித்துக்கொண்டிருந்தது. அக்கா அவரிடமும் தேத்தண்ணியை நீட்டினாள். தனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில், மரம் போனால் கரை போகும், கரை போனால் வீடு போகும் என்று என்னிடம் போனில் சொன்ன அதையே சொன்னாள். பஸ் இல்லை, பதாகை இல்லை, டை இல்லை. அந்த மனிதர் அதை அப்படியே எழுதிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு மீதிக் காட்டில் யாரும் கை வைக்கவில்லை. கரையை மறுபடி கட்டினார்கள். கார் நிறுத்துமிடத்தில் பாக்காவ் கன்றுகள் தாமாகவே முளைத்து வந்தன.

எண்பதுகளின் கடைசியில், பலகை வீட்டைப் பிரித்துவிட்டு அதே இடத்தில் அக்கா கல் வீடு கட்டினாள். புதுமனை புகுவிழாவுக்குச் சுங்காயிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள் வந்தார்கள். வாசலில் ரிப்பன் இல்லை. அக்கா என் கையைப் பிடித்துக் கூடம், அறை, சமையலறை எல்லாம் தாண்டி அழைத்துப் போனாள். கழிப்பறைக் கதவின் குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. தட்டில் கத்தரிக்கோல்.

"இத எங்க லாயர் தம்பிதான் தொறக்கணும்," என்றாள் எல்லோருக்கும் கேட்கும்படி. "கடல் வந்த அன்னிக்கு நாங்க நிக்கிறதுக்கு ஒரு தரை இருந்துச்சுன்னா, அது இவன் சேத்துல நின்னு வாங்கிக் குடுத்தது."

கண்ணைத் துடைத்துக்கொண்டு ரிப்பனை வெட்டினேன். எல்லோரும் கைதட்டினார்கள். பேச்சி அத்தை மட்டும் தட்டவில்லை. அன்றைக்கும் பஸ் வழியில் எங்கேயும் நிற்கவில்லையாம். என்னை ஒதுக்கிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.