மூச்சு விடும் பெல்ட்

"நாலாவது பெல்ட் மூச்சு விடுது தம்பி," என்றாள் ஜுரேமா.

எவாந்த்ரோவுக்குப் பகீரென்றது. சாம்பல் புதன் மதியம். முந்தின நாள்வரை கார்னிவல் திருவிழாவில் ஆடிய களைப்பில் சாவோ பாவ்லோவே படுத்துக் கிடந்தது. பல்கலைக்கழக விமானப் பொறியியல் கூடத்தில் ஆய்வு மாணவன் அவனும், எந்திரத்தை இயக்கும் ஜுரேமாவும்தான். தண்டவாள வண்டியில் நான்கு விமான இருக்கைகள், நான்கு ரப்பர் பொம்மைகள். வண்டியைச் சுவரில் மோதவிட்டு, பெல்ட் எவ்வளவு இழுபடுகிறது என்று அளக்க வேண்டும். இன்றைக்கு விட்டால் வண்டி வேறு குழுவுக்குப் போய்விடும். இத்தனை வருட ஆராய்ச்சி அம்போ!

பெல்ட்டுக்கு ஒன்றாக இழுப்பைக் காட்டும் நான்கு கோடுகளில், திரையில் நாலாவது கோடு மட்டும் ஏறி இறங்கி, ஏறி இறங்கி.

"வயர் லூசா இருக்கும்க்கா."

வயரை மாற்றினான். கோடு இன்னும் அழகாக ஏறி இறங்கியது. பெல்ட்டை இறுக்கினான். கோடு வேகமெடுத்தது. பொம்மை "ஹ்ம்ம்" என்றது.

"மாதாவே! முனகுது தம்பி!"

"ரப்பர்க்கா. அமுக்கினா காத்து வரும்." சொல்லிக்கொண்டே ஓரடி பின்னால் நகர்ந்தான்.

அசையாதிருக்க மடியில் மணல் மூட்டையை வைத்தான். பொம்மையின் தலை மெல்லச் சாய்ந்து அவன் தோளில் படுத்தது. அலறிக்கொண்டு துள்ளினான்.

"முகத்தைப் பாரு, முகத்தைப் பாரு!"

பயந்து பயந்து பார்த்தான். அதே மஞ்சள் ரப்பர் முகம், வரைந்த கண்கள், அதே நீலச் சட்டை, கையுறை. "நம்ம பொம்மைதான்க்கா. நெத்தியில நாலுன்னு நம்பர்கூட இருக்கு."

"அப்போ பேய்தான் புகுந்திருக்கு. இதையெல்லாம் உட்கார வச்ச ரோமுலோ பய எங்கே?"

"அவனா? ஆடின ஆட்டத்துல எங்கே விழுந்து கிடக்கானோ!"

எவாந்த்ரோவுக்கு அழுகையே வந்துவிட்டது. கடைசியில் கணினியில் ஏதோ தட்டி, கோட்டின் ஆட்டத்தையெல்லாம் வடிகட்டினான். நாலாவது கோடு சட்டென்று நேராகிப் படுத்துவிட்டது.

"அப்பாடா! தொலைஞ்சுது சனியன். அமுக்குங்கக்கா!"

ஜுரேமா சிலுவை போட்டுக்கொண்டு பொத்தானில் விரலை வைத்தாள்.

கதவு கிரீச்சென்று திறந்தது. சர்ச்சில் பூசிய நெற்றிச் சாம்பலோடு ஸ்டோர்ரூம் ஸோஸிமோ, முகமில்லாத ரப்பர் உடம்பு ஒன்றைத் தள்ளுவண்டியில் தள்ளிக்கொண்டு வந்தார்.

"தம்பி, இந்த நாலாவது பொம்மையை எங்கே உட்கார வைக்கிறது? கார்னிவல் வேஷத்துக்குன்னு முகத்தையும் சட்டையையும் கையுறையையும் கழட்டி மாட்டிக்கிட்டுப் போன ரோமுலோ, இன்னும் திருப்பித் தரவே இல்லையே!"